குண்டு எழுத்து

கோவில்பட்டியில் போர்டு எழுதுகிறவர்களிடம் எழுத்துக்கு மூன்று நான்கு ரகங்கள்தான் உண்டு. சாதா எழுத்து, சாய்வெழுத்து, ஷேடு எழுத்து, குண்டு எழுத்து. கடைக்காரர்களுக்கும் இந்தப் பெயர்கள் பழக்கம். "அண்ணாச்சி, கடைப் பேரக் குண்டு எழுத்துல போட்டுருங்க, மத்ததெல்லாம் சாதாவா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முன்பணம் கொடுத்துப் போவார்கள். எண்பதுகளின் நடுவில், பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தபோது, அப்படி ஒரு போர்டுக் கடையில் சாயங்காலங்களிலும் லீவு நாட்களிலும் எடுபிடியாக இருந்தேன். தகரத்துக்கு உப்புத்தாள் போடுவது, பெயின்ட் டின்னில் ஆடை கட்டாமல் கிண்டி வைப்பது, பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசித் துடைப்பது எல்லாம் என் வேலை. சம்பளம் என்று பேசிக்கொண்டதில்லை. சனிக்கிழமை ராத்திரி பரோட்டா உண்டு.

கடை முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். போர்டின் வலது மூலையில் பொடி எழுத்தில் போடுகிற கையெழுத்தைத் தவிர அவர் பேரை யாரும் எங்கும் பார்த்திருக்க முடியாது. காலண்டர் சாமிப் படங்களால் நாடெங்கும் வீடுகளுக்குள் நுழைந்த சி. கொண்டையராஜு கோவில்பட்டியில்தான் வாழ்ந்தார், 1976இல் இறந்தார். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைகிறவராக ஊருக்கு வந்து தங்கிவிட்டவர். அதனால் எங்கள் ஊரில் பிரஷ் பிடித்த எவரும் தன்னை அவருடைய சீடருக்குச் சீடர் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். அண்ணாச்சியும் சொல்லுவார். நான் அதை விசாரித்ததில்லை. அவர் வரைந்த முருகனுக்குக் கண் கொஞ்சம் ஒன்றரையாக இருக்கும். எழுத்தில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

யாருக்குக் குண்டு எழுத்து, யாருக்கு சாதா என்பதில் அவருக்குக் கறாரான சட்டம் இருந்தது. மிட்டாய்க் கடை, ஐஸ் கம்பெனி, வாடகை சைக்கிள் கடை, சலூன், டீக்கடை, பிள்ளைகள் துணிக்கடை என்றால் குண்டு. டாக்டர், வக்கீல், மருந்துக்கடை, பள்ளிக்கூடம் என்றால் சாதா. ஒரு தடவை நகை அடகுக் கடைக்காரர் ஒருவர், பக்கத்துக் கடைப் போர்டைக் காட்டி அதே மாதிரி கொழுகொழுவென்று வேண்டும் என்று நின்றார். கூடுதல் பணம் தரவும் தயார். அண்ணாச்சி மசியவில்லை. "அடகு வைக்க வாறவன் அழுதுக்கிட்டு வருவான். போர்டு அவனப் பாத்துச் சிரிக்கப்படாதுல்லா" என்றார். அடகுக் கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, உங்க இஷ்டம் என்று போனார். எழுத்துருவின் குணம் பற்றி இதற்குப் பிறகு நான் படித்த புத்தகங்கள் எதுவும் அந்த வாக்கியத்துக்கு மேல் எனக்குப் பெரிதாகச் சொல்லித் தரவில்லை.

தடித்த எழுத்து என்றால் மெல்லிய எழுத்தை எடுத்து நாலு பக்கமும் பெயின்ட் ஏற்றுவது என்று நினைப்பவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் வந்த பிறகு அப்படித்தான் செய்தார்கள், அதற்குப் பின்னால் வருகிறேன். அண்ணாச்சி தலைகீழாக வேலை செய்வார். நூலைச் சாக்குப்பொடியில் புரட்டி, இரண்டு முனையிலும் ஆள் பிடித்துச் சுண்டிவிட்டு, மேல் கோடும் கீழ்க் கோடும் போட்டவுடன், எழுத்துக்கு உள்ளே வரும் வெற்றிடங்களை முதலில் குறித்துக்கொள்வார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் வயிறு. "இது ல-வோட வயிறு, இது ண-வோட மூணு வயிறு" என்று சாக்பீஸால் சின்னச் சின்ன முட்டைகளாகப் போட்டுக்கொண்டே போவார். சும்மா பார்க்கிற ஆளுக்கு அது எழுத்தாகவே தெரியாது, தகரத்தில் யாரோ கூழாங்கல் கொட்டியது மாதிரி இருக்கும். பிறகு அவற்றைச் சுற்றித்தான் உடம்பு வரைவார். "வெளிய எவ்வளவு வேணும்னாலும் கொழுக்க வையி. வயிறு மட்டும் அடைபடக் கூடாது, எழுத்து செத்துரும்."

தமிழில் இது சின்ன விஷயமில்லை. ஆங்கிலத்தில் பெரும்பாலான எழுத்துகளுக்கு அதிகம் போனால் இரண்டு வெற்றிடம். நமக்கு ண மூன்று சுழி, ன இரண்டு சுழி. இரண்டும் தடிக்கும்போது ஒரு சுழி அடைந்துவிட்டால் ஒன்று மற்றொன்றாகிவிடும். இ, ஐ, ஞ, ஜ, ஷ எல்லாம் உள்ளுக்குள் அடுக்கடுக்காக வளைவு வைத்திருப்பவை. போர்டுக் கடைக்காரரைக் கதிகலங்க வைக்கும் பெயர் கண்ணன். ண் ஒன்று, ண ஒன்று, ன் ஒன்று, மொத்தம் எட்டுச் சுழி. அதோடு ஸ்டோர்ஸ் என்று வேறு சேர்ந்து, கடை முகப்பு எட்டடிதான் என்றால் முடிந்தது. அண்ணாச்சி ஒரே அகலத்தில் எல்லா எழுத்தையும் அடைக்க மாட்டார். ண-வைத் தாராளமாகப் படர விட்டு, க-வைச் சுருக்குவார். ர, ா போன்ற ஒல்லி ஆசாமிகளை அண்டை எழுத்தோடு ஒட்டி நிறுத்துவார். கோடுகள் சேர்கிற மூட்டுகளில் தடிமனைக் கொஞ்சம் குறைத்துவிடுவார். குறைத்தது தெரியாது, குறைக்காவிட்டால் அங்கே பெயின்ட் கட்டி தட்டியது போல ஒரு கறுப்புத் தெரியும்.

புள்ளி அடுத்த தலைவலி. மெல்லிய எழுத்தில் புள்ளி ஒரு துளி. குண்டு எழுத்தில் அதுவும் குண்டாக வேண்டும், இல்லாவிட்டால் யானைக்குக் குண்டூசியில் பொட்டு வைத்தது போல் ஆகும். குண்டாக்கினால் மேலே இடிக்கும், இரண்டு வரி என்றால் மேல் வரியின் கு, டு, மூ கீழே தொங்க, கீழ் வரியின் புள்ளி மேலே எழும்ப, நடுவில் ஒரே தள்ளுமுள்ளு. ட் வந்தால் அண்ணாச்சிக்குச் சந்தோஷம். அந்த எழுத்தின் மடி காலியாகக் கிடக்கும், புள்ளியை அதிலேயே உட்கார வைத்துவிடுவார். ப் என்றால் இரண்டு கைகளுக்கு நடுவில். மிட்டாய், பட்டி, ரொட்டி, சட்டை. இந்த ஊர்ப் பேச்சில் ட்-க்குப் பஞ்சமில்லை என்பதால் அவருடைய போர்டுகளில் புள்ளிகள் எல்லாம் குதித்து விளையாடும். விளையாட்டுத்தனம் என்று நாம் சொல்லுகிற குணம் பாதிக்கு மேல் இப்படி இடப் பற்றாக்குறையில் பிறந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஸ்ரீ மட்டும் அவருக்கு ஆகாது. எந்தக் கடையும் ஸ்ரீ இல்லாமல் தொடங்காது, அந்த எழுத்தோ தடிக்கவே ஒப்பாது. அதைத் தனியாகச் சின்னதாக மேல் மூலையில் சாதா எழுத்தில் போட்டுத் தப்பித்துக்கொள்வார்.

எழுதி முடித்ததும் என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்புவார். பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்று படிக்க வேண்டும். கிட்டே நின்று பார்க்கிறவனுக்காக அவர் எழுதியதே கிடையாது. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலோரம் இருப்பவன் ஒரு பார்வையில் கடைப் பெயரை விழுங்கிவிட வேண்டும். குண்டு எழுத்து எதற்காக இருக்கிறது என்பதற்கு இதுவே அவருடைய விளக்கம். இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் வாடிக்கையாளர் கேட்டால் கூடுதல் பணம் கேட்டு அந்த ஆசையை அடக்கிவிடுவார்.

இந்த எழுத்து எங்கிருந்து அவர் கைக்கு வந்தது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது யோசித்தால் எங்கள் வட்டாரத்தில் அது காற்றில் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923 வாக்கில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். இப்படித்தான் சிவகாசி அச்சு நகரமாயிற்று. தீப்பெட்டி லேபிள் இரண்டு விரல் அகலம். அதற்குள் ஒரு படம், ஒரு பெயர். படிக்கத் தெரியாதவன் படத்தைப் பார்த்துக் கேட்பான், எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கு எழுத்து கொழுத்துப் பளிச்சென்று இருக்க வேண்டும். பட்டாசுப் பெட்டி, ஊதுபத்திக் கட்டு, கடலை மிட்டாய்ப் பொட்டலம் எல்லாம் அதே வழி. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தது. என் வயதுப் பையன்கள் அந்த அட்டைத் தலைப்புகளை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்க்காமல் வளர்ந்திருக்க முடியாது. லேபிள் எழுதியவர், தலைப்பு வரைந்தவர், போர்டு எழுதியவர் யாருக்கும் தங்களை எழுத்துரு வடிவமைப்பாளர் என்று சொல்லிக்கொள்ளத் தெரியாது. ஆர்ட்டிஸ்ட் என்பார்கள், அவ்வளவுதான்.

ஆங்கிலப் பாதிக்கு அண்ணாச்சியிடம் ஒரு பழைய லெட்ராசெட் கேட்டலாக் இருந்தது. தேய்த்து ஒட்டுகிற எழுத்துத் தாள்களின் பட்டியல், அட்டை கிழிந்து எண்ணெய்க் கறை படிந்தது. அதில் அவர் அடிக்கடி புரட்டுகிற பக்கத்தில் இருந்த எழுத்தின் பெயர் கூப்பர் பிளாக் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து 1922இல் வெளிவந்தது. மூலை முடுக்கெல்லாம் உருண்டு, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது போன்ற எழுத்து. பீச் பாய்ஸ் குழுவினர் 1966இல் வெளியிட்ட 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டின் உறையில் இருப்பதும் அதுதான். அமெரிக்கப் பாட்டுக்காரர்கள் தங்கள் உறைக்குப் போட்டதையே கோவில்பட்டி பேக்கரி ஒன்றும் தன் முகப்பில் போட்டிருந்தது. இரண்டு இடத்திலும் பொருந்தியது. அந்த எழுத்துக்கு விளம்பரக்காரர்கள் மத்தியில் கிராக்கி இருந்த அளவுக்கு, மரியாதையான அச்சுக்காரர்கள் மத்தியில் முகச்சுளிப்பும் இருந்தது. குண்டு எழுத்தைக் கண்டால் எல்லா ஊரிலும் இப்படிச் சிலர் உண்டு.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது 1978இல் தமிழக அரசு ஏற்ற சீர்திருத்த எழுத்து. பெரியார் 1935இலேயே குடி அரசில் பயன்படுத்தத் தொடங்கியது. அதன்படி லை, னை, ணை எல்லாவற்றுக்கும் தனியாக ஐகாரக் கொம்பு. அண்ணாச்சி பழைய ஆள். தும்பிக்கை தூக்கிய லை-யைக் குண்டு எழுத்தில் விடவே இல்லை. அரசியல் ஒன்றும் கிடையாது, அவர் பெரியாரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. தும்பிக்கை வைத்தால் ஓர் எழுத்தின் இடம் மிச்சம், தும்பிக்கையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைத்து விளையாடலாம். கலைவாணி, மலையரசி, விலை என்று எதிலாவது லை வந்தால் அவர் கை வேகம் பிடிக்கும். சீர்திருத்தம் தட்டச்சுக்கும் அச்சுக்கோர்ப்புக்கும் பெரிய உதவி, அதை மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் போர்டுக் கலைஞனிடமிருந்து அது ஒரு பொம்மையைப் பிடுங்கிக்கொண்டது என்பதும் உண்மை.

தொண்ணூறுகளில் நான் சிவகாசிக்கு டி.டி.பி. ஆபரேட்டராகப் போனேன். பேஜ்மேக்கர், கோரல் டிரா, சிடியில் வாங்கிய தமிழ் எழுத்துருக்கள். இலங்கைத் தமிழரிடையேயும் நம்மிடையேயும் பரவிக் கிடந்த பாமினியில்தான் என் விரல் பழகியது. தமிழ் என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் அந்த ஐந்து குறிகளும் அப்படியே நிற்கும். இன்னும் எனக்குத் தமிழ் என்றால் சுண்டு விரல் தானாக அரைப்புள்ளிக்குப் போகிறது.

பாடப் புத்தகத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் அந்த எழுத்துருக்கள் போதும். தலைப்புக்குத்தான் திண்டாட்டம். சிடியில் நூற்றுக்கணக்கில் பெயர் இருக்கும், திறந்து பார்த்தால் ஒரே எழுத்தைச் சாய்த்தது, நசுக்கியது, நீட்டியது. குண்டாக ஒன்று வேண்டும் என்று கேட்டால் ஆபரேட்டர்கள் எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான் தெரியும். எழுத்தைத் தேர்ந்தெடுத்து, அதே நிறத்தில் அவுட்லைன் ஏற்றுவது. நாலு பாயிண்ட், பத்தவில்லை என்றால் ஆறு. வெளியே கொழுக்கிற அளவுக்கு உள்ளேயும் அடைக்கும். ண-வுக்கு ஒரு சுழி காணாமல் போகும், ஐ ஒரு கறுப்பு உருண்டையாகும். அதற்கு மேல் ஒரு மஞ்சள் கோடு, அதற்கு மேல் சிவப்பு, அதற்கு மேல் நிழல். எழுத்து தெரியவில்லையே என்றால் இன்னொரு கோடு. வயிறு அடைபட்ட எழுத்துக்குச் சட்டைக்கு மேல் சட்டையாகப் போட்டுக்கொண்டே இருந்தோம்.

2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. கையால் எழுத இரண்டு நாள் ஆகிற பேனர் ஒரு மணி நேரத்தில் தொங்கியது, அதுவும் தலைவரின் முகத்தோடு. போர்டுக் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அண்ணாச்சி கடையை மூடிவிட்டு மகனோடு திருப்பூர் போனார். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் பெட்டிகளுக்கு மேல் ஸ்டென்சில் அடிக்கிற வேலை பார்த்ததாகச் சொன்னார்கள்.

பாலு தம்பி என்ற எழுத்துருவை முதலில் பார்த்தது மதுரையில். அப்போது நான் சிறுவர் புத்தகங்களுக்கு அட்டை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகத் தலைப்பைக் கையால் வரைந்து ஸ்கேன் செய்வேன். கூட வேலை பார்த்த பையன், "சார், இது ஃப்ரீ ஃபான்ட், கூகுள்ல கெடக்கு, தமிழும் இருக்கு" என்று திரையில் ஒரு வரியைக் காட்டினான். இலவச எழுத்துரு என்றால் எனக்கு அப்போது நல்ல அபிப்பிராயம் கிடையாது. அவனை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்து கண்ணன் என்று அடித்துப் பார்த்தேன். எட்டுச் சுழியும் திறந்திருந்தன. பெரிதாக்கிப் பார்த்தேன், மூட்டுகளில் தடிமன் குறைந்திருந்தது. கடைசியில் எதிர்ச் சுவர் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தேன். பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

மும்பையில் உள்ள ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழு 2016இல் வெளியிட்ட குடும்பம் அது. பாலு என்பது ஜங்கிள் புக் கரடியின் பெயர். தேவநாகரி தொடங்கி ஒன்பது இந்திய வரிவடிவங்களில் வந்தது, உருதுவுக்கும் ஒன்று. தேவநாகரி தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ஊரில் கூப்பிடுகிற உறவுமுறையை ஒட்டிப் பெயர் வைத்தார்கள். மலையாளத்துக்குச் சேட்டன், குஜராத்திக்குப் பாய், தெலுங்குக்குத் தம்முடு, பஞ்சாபிக்குப் பாஜி, நமக்குத் தம்பி. தமிழ் எழுத்துகளை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். எல்லாவற்றோடும் கூடவே அதே உடம்புவாகில் ஆங்கில எழுத்தும் உண்டு. நம் போர்டுகளின் நிரந்தரச் சண்டையை இது ஓரளவு தீர்த்து வைத்தது. தமிழ் ஒரு குரலிலும் ஆங்கிலம் வேறொரு குரலிலும் பேசுகிற பெயர்ப்பலகைதான் நம் ஊரில் அதிகம், அண்ணாச்சியின் போர்டுகள் உட்பட.

அந்த எழுத்தின் குணத்தைச் சொல்வதென்றால், கூச்சமில்லாத எழுத்து. கோட்டு முனைகள் மழுங்கி உருண்டவை, கூர்மை எங்கும் கிடையாது. ஆனால் ஒரே தடிமனில் குழாய் வளைத்த எழுத்தும் அல்ல. அப்படி வளைத்தவற்றைப் பார்த்தாலே எனக்குச் சலிப்பு. இதில் கோடு போகப் போக இளைத்துப் பருக்கிறது, கை போன தடம் தெரிகிறது. சத்தமாகப் பேசும், மிரட்டாது. நம் கட்சிச் சுவரொட்டிகளின் தடித்த எழுத்து மிரட்டும். சினிமாத் தலைப்புகளில் பாதி ரத்தம் சொட்டும். தடிமனையும் அதட்டலையும் ஒன்றாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சாதுவான பருமன் முதலில் விசித்திரமாகப் பட்டது. பிறகுதான் இது கோவில்பட்டியில் ஏற்கெனவே பார்த்த பருமன் என்று உறைத்தது. மும்பைக்காரர்கள் எங்கள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒரே கணக்கைப் போட்டவர்களுக்கு ஒரே விடை வந்திருக்கிறது. குறையும் இல்லாமலில்லை. ட்-இன் மடியில் புள்ளி உட்காராது, அச்சடித்த ஒழுங்கில் மேலேயே நிற்கும். கண்ணன் என்று பத்துத் தடவை அடித்தால் பத்தும் ஒன்றுபோல இருக்கும். எழுத்துரு என்றால் அப்படித்தான். கையெழுத்தின் குறும்பில் முக்கால் பங்கு இதில் கிடைப்பதே பெரிய காரியம்.

பயன்படுத்துவதில் வேறு இடைஞ்சல் இருந்தது. பாலு தம்பி யூனிகோட் எழுத்துரு. 2010இல் தமிழக அரசே யூனிகோடை ஏற்றாகிவிட்டது. ஆனால் அச்சுத் தொழில் ஏற்கவில்லை. பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழ் தெரியவே தெரியாது. யூனிகோடில் கொ என்பது முதலில் க, அப்புறம் உயிர்க்குறி என்ற வரிசையில்தான் பதிவாகும். கொம்பை இந்தப் பக்கமும் காலை அந்தப் பக்கமும் எடுத்து வைப்பது மென்பொருளின் வேலை. அதைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு அனாதையாகப் புள்ளிவட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஃபோட்டோஷாப்பின் அப்போதைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவை இயக்கினால் சரியாகிவிடும், பலருக்கு அப்படியொரு தெரிவு இருந்ததே தெரிந்திருக்கவில்லை. "அந்த ஃபான்ட் ஒடையுது சார்" என்று ஃபிளெக்ஸ் கடைகளில் நான் கேட்ட புகார் எல்லாம் இந்த ஒரே காரணத்தால்தான்.

தடை உடைந்ததும் அது வெள்ளமாகப் போனது. சிறுவர் பாடல் வீடியோ, யூடியூப் சமையல் முகப்பு, மீம்ஸ், பால் ஐஸ் வண்டி, பிளே ஸ்கூல் வேன், முறுக்கு பாக்கெட் எல்லாவற்றிலும் தம்பி. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவன் அதற்காகப் பிறந்தவன். ஆட்சேபம் அவனை நாலு பக்கக் கதையை எழுத விடும்போது. ஒரு பதிப்பகம் முழுக் கதைப் புத்தகத்தையும் பாலு தம்பியில் பன்னிரண்டு பாயிண்டில் அடித்துக் கொண்டுவந்தது, பிள்ளைகளுக்குப் பிடிக்குமாம். பக்கம் முழுக்கக் கறுப்பு. அந்தக் கடுகு அளவில் ண-வும் ன-வும் ஒன்றாகிவிட்டன. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு இதைவிடக் கெடுதல் செய்ய முடியாது. தலைப்பை மட்டும் விட்டுவிட்டு உள்ளே சாதாவான, நிதானமான எழுத்துரு ஒன்றைப் போடுங்கள் என்று சண்டை போட்டு மாற்றினேன். அதே ஏக் டைப் குழுவின் முக்தா மலரே அதற்குப் பொருத்தமாக இருந்தது.

துக்கத்துக்கு இந்த எழுத்து ஆகாது என்று நானும் அண்ணாச்சி வழியில் சட்டம் வைத்திருந்தேன். அதை உடைத்தவர்கள் ஒரு கடலை மிட்டாய்க் குடும்பத்தார். தொண்ணூறைத் தாண்டிய தாத்தா காலமாகியிருந்தார். ஊரில் அதைக் கல்யாணச் சாவு என்பார்கள், கொட்டுமேளத்தோடு தூக்கிப் போவார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வந்த பேரன், "தாத்தா பேரு மட்டும் நம்ம கடைப் போர்டு மாதிரி குண்டா இருக்கணும்ணே" என்றார். கடைப் போர்டு கையால் எழுதியது, பழையது. நான் முதலில் மறுத்தேன். அவர் மொபைலில் அந்தப் போர்டின் படத்தைக் காட்டினார். மூலையில் யார் கையெழுத்து இருந்தது என்று தெரியவில்லை, படம் அவ்வளவு தெளிவில்லை. தாத்தாவின் பெயரைப் பாலு தம்பியில் அடர்ந்த பழுப்பு நிறத்தில் பெரிதாக வைத்தேன், மற்றதெல்லாம் சின்னதாக, சாதாவாக. கறுப்புப் பட்டை, மெழுகுவர்த்திப் படம் எதுவும் போடவில்லை. போஸ்டர் தெருவில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மற்ற அஞ்சலிகளைவிட அதில்தான் செத்தவர் யார் என்று தெரிந்தது. ஆகவே சட்டத்தில் ஒரு திருத்தம்: வாழ்ந்த விதத்துக்கு அந்த எழுத்து பொருந்தினால் போடலாம்.

இப்போது பாலு தம்பி 2 என்று ஐந்து தடிமன்களில் கிடைக்கிறது. சாதாத் தடிமனிலிருந்து மிகத் தடித்தது வரை. செயலிகளுக்கும் இணையத்துக்கும் இது வசதி, பொத்தான் ஒரு தடிமன், தலைப்பு ஒரு தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கென்னவோ மெலிந்த தம்பியிடம் பேச்சு எடுபடவில்லை. அந்த அளவுக்கு இளைத்த பின் அவனுக்கும் மற்ற நூறு எழுத்துருக்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. நான் தடித்ததையே எடுக்கிறேன்.

ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிற தம்பிமாருக்குச் சொல்ல இரண்டு மூன்று விஷயங்கள் உண்டு. இந்த எழுத்துரு ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற உரிமத்தில் வருகிறது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம், காசு கிடையாது, திருட்டு சிடியும் தேவையில்லை. கடைப் பெயருக்கு மட்டும் போடுங்கள், கைபேசி எண்ணுக்கும் 'எங்களிடம் கிடைக்கும்' பட்டியலுக்கும் வேண்டாம். இரண்டு வரி என்றால் இடையில் தாராளமாக இடம் விடுங்கள், புள்ளிகள் மூச்சு விடட்டும். பலகை நீளமாக இருக்கிறதே என்று எழுத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், மிஞ்சுகிற இடம் காலியாகவே கிடக்கட்டும். அவுட்லைன் மட்டும் தயவுசெய்து ஏற்றாதீர்கள். ஏற்கெனவே போதுமான அளவு குண்டாகத்தான் வரைந்திருக்கிறார்கள்.